சந்தியோகு சாகமுன்னம் ஒரு நத்தார்

வின்சன்றின் சொந்தத்தில் தை மாதத்தில் செத்தவர் என்று ஒருவரும் இல்லை. வெயில் காலம் முழுவதும் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடந்துவிட்டு, வாடைக்காற்று வீசத் தொடங்கி, குருநகர்க் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்தவுடன் கண்ணை மூடுகிற குடும்பம் அது. கல்யாணம் பேசி வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு வள்ளம் இருக்கிறது, வாய் இல்லை என்றெல்லாம் விவரமாகச் சொன்னார்கள். இதை மட்டும் சொல்லவில்லை.

பிரியந்தினி மாதகல்காரி. அங்கே அவளுடைய தாய் நத்தார்க் கேக்குக்கு முட்டை அடிக்கத் தொடங்கினால், கீரிமலைக் கேணியில் குளிக்கிறவர்கள் இடி முழங்குகிறதென்று அரைகுறையாகத் துவட்டிக்கொண்டு கரையேறி விடுவார்களாம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்குக் குருநகரில் கிடைத்தது ஒரு பூட்டின கதவு. செத்தவீடு நடந்த வருடத்தில் அந்தச் சொந்தத்துக்கு நத்தார்ப் பண்டிகை கிடையாது. நட்சத்திரம் கட்டக் கூடாது, பாலன் குடில் வைக்கக் கூடாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. பூசைக்குப் போய்விட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். அயலவர்கள் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். வாங்கலாம், திருப்பிக் கொடுக்க முடியாது.

முதல் வருடம் மாமியார், கார்த்திகை மூன்றாம் திகதி. இரண்டாம் வருடம் பெரியமாமா. அவர் பிரியந்தினி பணியாரத்துக்குப் பயற்றை வறுத்து இறக்கும்வரை பொறுத்திருந்து செத்தார். மூன்றாம் வருடத்துக்காரர் மார்கழி இருபத்து நான்காம் திகதி பின்னேரம் நான்கு மணிக்கு, வின்சன்ற் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போனார். மாட்டையும் கழுதையையும் திரும்பக் கடதாசிப் பெட்டிக்குள் போட்டுக் கட்டினார்கள். இப்படியே போய், ஒரு வருடம் கொரோனா வந்தது. அது ஊருக்கே வந்த துக்கம், அதில் இந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. ஒருவருமே சாகாத வருடமும் ஒன்று வந்தது. மார்கழி பத்தாம் திகதி ரொறன்ரோவில் ஒரு கிழவர் பனியில் வழுக்கி விழுந்து செத்தார். அவரைக் குருநகரில் கண்ணால் கண்டவர் இல்லை. வின்சன்றின் தகப்பனுடைய ஒன்றுவிட்ட தம்பியின் சம்பந்தி என்று லூர்த்தம்மா கண்டுபிடித்தாள். அந்த வருட நத்தாரும் நின்றது.

லூர்த்தம்மா வின்சன்றின் மூத்த அக்கா. துக்கம் அவளுக்கு ஓர் உத்தியோகம். யாருடைய சாவு எத்தனை வீட்டு அடுப்பை அணைக்கும், யார் எத்தனை மாதம் கறுப்பு உடுக்க வேண்டும், யார் சிரிக்கலாம், எவ்வளவு சிரிக்கலாம் என்பதெல்லாம் அவள் தீர்ப்பு. ஆயருக்குக் கூட இவ்வளவு நீளமான கை இல்லை. அவள் அடிக்கிற கேக்கைக் கத்தியால் வெட்ட முடியாது என்பதும், அவள் சுடுகிற பலகாரத்தைக் காகம் கொத்திவிட்டு வாயைத் துடைக்கும் என்பதும் ஊருக்குத் தெரியும். நத்தார் இல்லாத வருடம் அவளுக்கு ஏன் அவ்வளவு பொருந்திப் போயிற்று என்று இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

அயலவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். துக்க வீட்டிலிருந்து தட்டு நிறைந்து திரும்பாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே நல்ல கேக் நல்ல வீடுகளுக்குப் போகும், பிரியந்தினி வீட்டுக்கு ஓரம் வரும். கருகின ஓரம், அல்லது தகரத்தில் ஒட்டினதைச் சுரண்டி எடுத்த அடி. அச்சில் சுட்ட கொக்கிஸ் என்று சொல்லி ஒரு காகிதச் சரை நிறைய நொறுங்கல். அதைத் தந்துவிட்டுத் தலையை ஒரு பக்கம் சரித்து, இரக்கமாக நிற்பார்கள். பிரியந்தினி நண்டு வாங்கி ஏற்றும் வாடியில் தரம் பிரிக்கிறவள். நண்டைத் தூக்கி, வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் ஒரு அமத்து அமத்தினால் உள்ளே சதையா வெறும் தண்ணீரா என்று சொல்லிவிடுவாள். பன்னிரண்டு வருடமாக வாசலில் சரிந்து நின்ற முகங்களை அவள் அமத்தாமலே தரம் பிரித்தாள். எல்லாம் தண்ணீர்.

மகள் லவீனாவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் நத்தார் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, ‘எங்கள் வீட்டில் நத்தார் அன்று கதவு பூட்டப்படும்’ என்று முதல் வரி எழுதிக்கொண்டு வந்தாள். ரீச்சர் அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பிரியந்தினி அந்தக் கொப்பியை நெடுநேரம் வைத்துப் பார்த்தாள். தன் வீட்டு முகப்பில் ஒரு நட்சத்திரம், தன் கையால் அடித்த கேக், தன் வீட்டிலிருந்து வெளியே போகிற தட்டுகள். ஒரே ஒரு முறை போதும். அதற்குக்கூட இந்தக் குடும்பத்தில் யாராவது அனுமதிச்சீட்டு எழுதித் தர வேண்டுமா?

இந்த வருடம் ஐப்பசி முடிந்தும் ஒருவரும் சாகவில்லை. மிச்சம் இருந்தவர் சந்தியோகு. வின்சன்றுக்கும் லூர்த்தம்மாவுக்கும் குஞ்சியப்பு, தகப்பனின் கடைசித் தம்பி. எண்பத்தாறு வயது, பெண்சாதி இல்லை, பிள்ளைகள் பிரான்சில். மூன்று மாதமாக லூர்த்தம்மா வீட்டு அறையில் படுக்கை. கார்த்திகை இரண்டாம் திகதி, மரித்தோர் திருநாளுக்குச் சேமக்காலையில் சொந்தம் முழுவதும் கூடி மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தபோது லூர்த்தம்மா தீர்ப்பைச் சொன்னாள்.

“இந்த முறையும் ஒருத்தரும் நட்சத்திரம் கட்டுறேல்லை. குஞ்சியப்பு மார்கழி காணமாட்டார்.”

“ஆள் உயிரோடைதானே கிடக்கிறார், மச்சாள்?” என்றாள் பிரியந்தினி.

“கிடக்கிறார். அதுக்கு? கேக்கை அடிச்சு வைச்சுப்போட்டு ஆளைக் கொண்டுவந்து இஞ்சை அடக்கம் செய்யிறதே? ஒரு மரியாதை வேண்டாமே?”

சேமக்காலையில் நின்ற அத்தனை தலைகளும் ஆடின. செத்தவர்கள் எழும்பக்கூடிய நிலையில் இருந்திருந்தால் அவர்களும் ஆட்டியிருப்பார்கள், அப்படிப்பட்ட குடும்பம்.

வீட்டுக்கு வருகிற வழியில் பிரியந்தினி வின்சன்றிடம் சொன்னாள். “உயிரோடை இருக்கிற மனிசனுக்கு முந்தியே துக்கம் கொண்டாடலாமெண்டால், நத்தாரையும் முந்திக் கொண்டாடலாம். இந்த மாதம் மூண்டாம் ஞாயிறு எங்கடை வீட்டிலை நத்தார்.”

“அக்கா என்ன சொல்லுவாவோ,” என்றான் வின்சன்ற்.

“சொல்லட்டும். அவவுக்கு வேறை என்ன வேலை?”

அந்த ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை நட்சத்திரம் ஏறியது. சிவப்பும் மஞ்சளும், ஐந்து முனை, உள்ளே பல்ப். தெரு வாயில் கை வைத்தது. பிரியந்தினிக்கு மாதம் குழம்பிவிட்டது என்றாள் ஒருத்தி. கனடாவிலிருந்து யாரோ வருகிறார்கள், மறைக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. மூன்றாம் வீட்டுக் கிழவர், வருடம் முழுவதும் பூசைக்குப் பிந்திப் போகிறவர், நத்தார் முந்தி வந்தால் திருச்சபை என்னத்துக்கு ஆகும் என்று கவலைப்பட்டார். லூர்த்தம்மா நேரே சுவாமியாரிடம் போனாள். சுவாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேக்குக்குப் பிளம்ஸ் போட்டிருக்கிறதா என்று விசாரித்தாராம். அங்கிருந்து அவள் பிரியந்தினியின் வாசல் படலைக்கு வந்தாள்.

“உனக்கென்ன விசரே, பிள்ளை? பாலன் பிறக்க இன்னும் ஐஞ்சு கிழமைக்கு மேலை கிடக்கு.”

“குறைமாதத்திலை பிறக்கிற பிள்ளையளும் இருக்குத்தானே, மச்சாள்.”

“செத்தவையின்ரை மாதத்திலை கண்டறியாத நத்தார்! அங்கை குஞ்சியப்பு மூச்சுக்கு இழுக்கிறார். இஞ்சை நீ பலூன் ஊதுறாய்.”

“நான் என்ரை மூச்சைத்தானே ஊதுறன்.”

“பாப்பம், பாப்பம். ஞாயிறுக்கு முன்னம் மனிசன் முடிஞ்சுதெண்டால் உந்தக் கேக்கை என்ன செய்வாயெண்டு பாப்பம்.”

அதுதான் பிரியந்தினிக்கும் பயம். அந்தக் குடும்பத்தின் வழக்கம் அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை கேக் அவணிலிருந்து இறங்கி ஆறிக்கொண்டிருந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு லூர்த்தம்மாவின் மகன் ஜெரோசன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

“மாமி, அம்மா உடனை வரட்டாம். பாட்டாவுக்கு ஏலாமல் கிடக்கு. சுவாமியும் வந்திட்டார்.”

கையில் மாவோடு போனாள். அறைக்குள் கால் வைக்க இடமில்லை. மெழுகுதிரிகள் எரிந்தன. சுவாமியார் எண்ணெய் பூசிவிட்டு ஒதுங்கி நின்றார். செபமாலை ஐந்தில் மூன்றாம் காரணிக்கத்தில் இருந்தது. லூர்த்தம்மா கட்டில் தலைமாட்டில் நின்றாள். வென்ற கட்சிக்காரியின் முகம். கண்ணீரும் அந்த முகத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. நடுவில், தலையணைக்குள் புதைந்து, வாயைப் பிளந்தபடி சந்தியோகு.

பிரியந்தினி ஆட்களை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்தாள். காது மந்தமான மனிதர், ஆகவே உரத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“மாமா! நாளைக்கு என்ரை வீட்டிலை நத்தார். நாளைக்கு மட்டும் செத்துப் போகாதேங்கோ. திங்கக்கிழமை உங்கடை விருப்பம்.”

செபமாலை நின்றது. யாரோ ஒருத்தி “யேசுவே” என்றாள். செபத்துக்காகச் சொன்னது போல் இல்லை. சந்தியோகுவின் ஒரு கண் திறந்தது.

“ஆரது?”

“பிரியந்தினி. வின்சன்றின்ரை.”

“கேக் அடிச்சனியோ?”

“ஓம் மாமா. அறுபது முட்டை.”

“பிளம்ஸ்?”

“போட்டது. வைனும் கிடக்கு.”

கிழவர் மற்றக் கண்ணையும் திறந்து, சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர், வலையில் அழுகின மீன் வந்தால் பார்க்கிற பார்வை அது.

“எனக்கும் பன்னிரண்டு வருசமாய் நத்தார் இல்லைப் பிள்ளை. எனக்கு முன்னாலை நிண்டவங்கள் ஒவ்வொருத்தனாய்ச் செத்துத் துலைச்சிட்டாங்கள். ஒருத்தனாவது என்னை ஒரு சொல்லுக் கேட்டவனே? லூர்த்து, உந்த மெழுகுதிரியளை நூத்துவிடு. புழுங்குது.”

மறுநாள் காலைப் பூசை முடிந்து, வின்சன்றும் லவீனாவும் மோட்டார் சைக்கிளில் தட்டுகளைக் கொண்டு திரிந்தார்கள். இருபத்தாறு தட்டு. கேக், சிப்பிப் பலகாரம், பயற்றம் பணியாரம், முழுசான கொக்கிஸ். லவீனா ஒவ்வொரு படலையிலும் “இது எங்கடை வீட்டு நத்தார்” என்று அறிவித்துக் கொடுத்தாள். கேக்கைத் திருப்பி அனுப்பியவர் தெருவில் ஒருவரும் இல்லை. தட்டைக் கழுவி, அதில் புத்திமதியை வைத்து அனுப்பினார்கள். இதெல்லாம் கூடாது என்று சொல்லிக்கொண்டே செபக்கூட்டத் தலைவி பிரியந்தினியின் குசினிக்குள் அடுப்படியில் நின்று இரண்டு துண்டு தின்றாள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவதாகவும், மூன்றாவது துண்டைப் பேரனுக்கு எடுத்து வைப்பதாகவும் சொன்னாள். பேரன் கட்டாரில் இருக்கிறான்.

பதினொரு மணிக்கு ஓட்டோவில் சந்தியோகு வந்தார். ஜெரோசன் ஒரு பக்கம், ஓட்டோக்காரன் மறு பக்கம் பிடித்து, நட்சத்திரத்துக்குக் கீழே கதிரையில் இருத்தினார்கள். முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாம் துண்டுக்குக் கண்ணைத் திறந்தார். வைன் ஒரு கிளாஸ் போனதும், ஒருகாலத்தில் மண்டைதீவுக் கடலில் தான் பிடித்த திருக்கையின் வால் மட்டும் வள்ளத்தைவிட நீளம் என்று சொல்லத் தொடங்கினார். சாகிற மனிதரைப் பார்க்க லூர்த்தம்மா வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் வெறுங்கட்டிலைக் கண்டுவிட்டு ஒவ்வொருவராக இங்கே வந்து சேர்ந்தார்கள். “குஞ்சியப்புவைப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்” என்றார்கள். கிழவரைப் பார்த்தார்கள். பிறகு மேசையைப் பார்த்தார்கள். பிறகு மேசையைத்தான் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடம் நத்தாருக்குப் பட்டினி கிடந்த சனம், வாயில் கேக்கோடு, இதெல்லாம் நல்லதுக்கில்லை என்று தலையை ஆட்டியது.

இரண்டு மணிக்கு லூர்த்தம்மா வந்தாள். படலைக்கு உள்ளே கால் வைக்கவில்லை.

“குஞ்சியப்பு, எழும்புங்கோ. ஓட்டோ நிக்குது. வீட்டை போவம்.”

“நான் வரேல்லை,” என்றார் சந்தியோகு. “இஞ்சை நிக்கிறன்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“சாகுமட்டும்.”

விறாந்தையில் மெல்லுகிற சத்தம் நின்றது. லூர்த்தம்மா பிரியந்தினியைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவளுடைய குரல் தணிந்து வந்தது.

“வடிவாய் யோசிச்சுக்கொள், பிள்ளை. மனிசன் உன்ரை வீட்டிலை முடிஞ்சால் பெட்டி உன்ரை வாசலாலைதான் இறங்கும். இது சும்மா சொந்தக்காரற்றை துக்கமில்லை. உன்ரை வீடுதான் செத்தவீடு. இந்த மார்கழி போச்சு. பெட்டி இறங்கின வீட்டுக்கு ரண்டு வருசத் துக்கம், வாற மார்கழியும் போச்சு.”

லூர்த்தம்மா வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். பிரியந்தினிக்கும் அது தெரியும். கிழவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. இருக்க இடம் கேட்டுவிட்டோமே என்ற வெட்கத்தில் மடியில் விழுந்த கேக் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் லவீனா வெறும் தட்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு, எந்த வீட்டுத் தட்டு எது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சாகட்டும், மச்சாள்,” என்றாள் பிரியந்தினி. “எங்கடை நத்தார் முடிஞ்சுது.”

பிறகு உள்ளே திரும்பி, “தம்பி ஜெரோசன், பாட்டாவின்ரை தலையணையையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு வா,” என்றாள். சந்தியோகு தலையை நிமிர்த்தி இன்னொரு கிளாஸ் வைன் கேட்டார்.

லூர்த்தம்மா தனியாக ஓட்டோவில் ஏறிப் போனாள். வீட்டில் போய்த் தலைமாட்டில் நிற்பதற்கு இப்போது அவளுக்கு ஒருவரும் இல்லை.