அவர் என்ன உறவு என்று கேட்டார்கள்

பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்கு ஓய்வு கொடுத்த மாதம்தான், என்னை விட்டுப் போன மனிதர் யோங் பெங் டவுனில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை டுக்கு பழம். முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தது. யாரோ பழைய இரும்பு கேட்டு வந்தவர் என்று நினைத்து, "ஒன்னும் இல்லங்க" என்று அனுப்பப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். பேசுவதற்கு முன்னால் செருமுகிற அந்தப் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். வந்த காரியத்தை அவர் நேராகவே சொன்னார். இருதயக் குழாயில் அடைப்பு. ஜொகூர் பாருவில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுகிறார். படுக்கைக்கும் மருந்துக்கும் பெரிய செலவில்லை, ஆனால் குழாய்க்குள் வைக்கிற ஸ்டென்ட்டை நோயாளிதான் வாங்கித் தர வேண்டும். ஓய்வு பெறுகிற தொழிலாளிகளுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் நான் பதியப் போகிறேன் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். அதில் பதிகிறவரின் கணவனையோ மனைவியையோ சேர்த்துக்கொள்ளலாம். இவர் என்னை விட்டுப் போன பிறகு கடைசிவரை கைக்காசுக்கு லாரி ஓட்டியவர். சம்பளத்தில் எதையும் பிடிக்க விட்டதில்லை. அதனால் தன் பெயரில் பதிய அவருக்கு வழியில்லை.

"நாம முறைப்படி தாலி கட்டுனவங்கதானே," என்றார். "உன் பேரோட என் பேரையும் போட்டுட்டா போதும்."

முறைப்படியாம். வாய்வரைக்கும் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "போலாம், நீங்களும் கூட வாங்க," என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டே ஒரு டுக்கு பழத்தை உரித்துத் தின்றேன். நல்ல இனிப்பு.

எங்கள் கல்யாணம் கோத்தா திங்கிப் பக்கத்தில், எண்ணெய்ப்பனை மில் குடியிருப்புக் கோயிலில் நடந்தது. பந்தல், மேளம், மறுநாள் ஆட்டுக்கறி விருந்து, எதிலும் குறையில்லை. பதிவு மட்டும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை. முதலில் ரெஜிஸ்டர் செய்துவிட்டுப் பிறகு கோயிலுக்குப் போகிறவர்கள் டவுன்காரர்கள். எங்களுக்கு அம்மன் பார்த்தால் போதும், அரசாங்கம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவோம்.

அப்போது மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த இவரை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கூப்பிட்டுச் சொன்னார், கிளினிக்கில் காட்ட மனைவி என்று என் பெயரை ஏற்ற வேண்டுமானால் பதிவுத் தாள் வேண்டும் என்று. "சாமி முன்னால கட்டியாச்சு, தாளு என்னாத்துக்கு?" என்று இவர் வீட்டில் வந்து கேட்டார். பிறகு, தீபாவளி கழியட்டும் என்றார். லீவு கிடைக்கட்டும் என்றார். சோம்பல் என்றே நான் நம்பினேன்.

ஒரு மத்தியானம் எனக்கு ரத்தப்போக்கு கண்டது. அப்போது வயிற்றில் பிள்ளை. மில் ஆட்களைப் பார்க்கும் கிளினிக்குக்கு லாரியிலேயே ஏற்றிப் போனார். பெஞ்சு நிறைய எங்கள் குடியிருப்புப் பெண்கள். கவுன்டரில் இருந்த பெண் என்னைக் காட்டி, மனைவியா என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால், பதிவுத் தாளைப் பிறகு கொண்டு வருவதாக ஒரு கையெழுத்து வாங்கியிருப்பாள். அவ்வளவுதான். போட்டால் கட்டுப்பட வேண்டுமே என்று அந்தக் கையெழுத்துக்கு இந்த மனிதர் பயந்தார்.

"புக்கான். கவான் சாஜா," என்றார்.

இல்லை, வெறும் சிநேகிதம். கழுத்தில் அவர் கட்டிய தாலி கிடக்கிறது, கட்டியிருந்த கைலி ரத்தத்தில் நனைந்து காலோடு ஒட்டுகிறது, நான் அவருக்குச் சிநேகிதம். பெஞ்சிலிருந்த பெண்களில் ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள்.

பிள்ளை தங்கவில்லை. யார் என்ன செய்திருந்தாலும் தங்கியிருக்காது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நான் அதை நம்புகிறேன். ஆகவே பிள்ளைக்காக அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வார்த்தைக்காகத்தான் கோபம். நான் படுக்கையிலிருந்து எழுந்து வருவதற்குள் அது குடியிருப்பு முழுக்கப் பரவியிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். சில மாதங்களில் அவர் ஜொகூர் பாருவில் வேறொருத்தியோடு குடித்தனம் போனார். தடுக்கவும் முடியவில்லை, கேஸ் போடவும் முடியவில்லை. என்னவென்று போடுவது? சிநேகிதர் என்னை விட்டுப் போய்விட்டார் என்றா?

அதன்பிறகு நான் யோங் பெங்குக்கு வந்து, கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கியே வயதானேன். அவரைத் தேடிப் போகவில்லை, சபிக்கவும் இல்லை. அந்த வார்த்தையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். என்றாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அவரே கையை நீட்டிக்கொண்டு வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பதியப் போகிற அன்று நல்ல சேலை கட்டினேன். அவர் சட்டையை இஸ்திரி போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தார். ஆபீஸ் திறக்கும் வரைக்கும் எதிர்க் கடையில் தே தாரே குடித்தோம். பழைய கதைகளை எடுத்துவிட்டார். "நீ கொஞ்சங்கூட மாறல," என்றார். நான் தலையாட்டிக்கொண்டே அவர் தேநீரில் இன்னும் கொஞ்சம் சீனி போடச் சொன்னேன். இத்தனை நன்றாக எனக்கு நடிக்க வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் தலையில் டூடோங் துணி போட்ட மலாய்க்காரப் பெண், சிரித்த முகம். என் அடையாள அட்டை ஐ.சி.யை வாங்கி விவரங்களைத் தட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் ஐ.சி.யையும் அவள் முன்னால் தள்ளினார்.

"இனி இஸ்த்ரி சாயா," என்றார். இவள் என் மனைவி.

அதிகாரி ஒருவர் முன்னால் அவர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பொய் சொல்ல மாட்டேன், அது கேட்க நன்றாகவே இருந்தது. இதை அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அப்படித் தோன்றியதுமே பழைய ஆத்திரம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "ஆண்டி, இவர் உங்க கணவரா?" என்று மலாயில் கேட்டாள்.

நான் அவசரப்படவில்லை. பின்னால் நாற்காலிகளில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"புக்கான். கவான் சாஜா."

அவர் கோயில் என்றார், தாலி என்றார், அம்மன் என்றார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கல்யாணப் பதிவுத் தாள் இருக்கிறதா என்றாள். இல்லை. ஐ.சி.யைப் பணிவோடு அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று கணினியில் ஏறியது. கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவர் செருமினார்.

"அந்தக் கிளினிக்க இன்னும் மனசுல வச்சிருக்கியா?"

ஆக, அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. இத்தனை காலம் தெரிந்தேதான் பேசாமல் இருந்திருக்கிறார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் போதவில்லை.

அவர் என் வீட்டுக்கு வந்துபோன மறுநாளே நான் ஜொகூர் பாருவுக்குப் போய் அந்த ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டேன். வசதியில்லாதவர்கள் அங்கே சமூகநலப் பிரிவில் மனு கொடுத்தால் ஸ்டென்ட்டுக்கு உதவி கிடைக்கும். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. செத்தவனுக்கு எதுவும் காதில் விழாது. உயிரோடு இருந்து அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். என் பஸ் வந்தது. படியில் காலை வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"அங்கயும் பொண்டாட்டி இருக்காளான்னு கேப்பாங்க," என்றேன். "இல்லன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் பழக்கந்தானே."