ஏணியில் படுத்து வாங்கிய படிக்கட்டு

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் நடந்தது இது. கார்த்திகை தீபம் முடிந்து, வந்த ஜனம் விட்டுப்போன குப்பையை ஒரு வாரமாக வாரிக்கொண்டிருந்தோம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நகராட்சியில் துப்புரவு வேலை. குடியிருந்ததும் நகராட்சியின் ஓட்டு வீட்டில்தான். அங்கே மொத்தம் முப்பத்திரண்டு வீடுகள். எல்லாம் என் மாமனார் காலத்திலேயே கிழடு தட்டியவை. சுவரில் ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் கையில் வரும்.

ஒருநாள் இன்ஜினீயர் ஒருவர் வந்தார். சின்ன வயசுக்காரர். பழைய வீடுகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் மாடி வீடுகள் கட்டித் தரப்போவதாகச் சொன்னார். கட்டி முடிகிற வரை வேங்கிக்கால் பக்கம் தகரக் கொட்டகையில் இருக்க வேண்டும், முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு வீடு என்றார். சம்மதம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச்சுக்குள் வேலை தொடங்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்று அவருக்கு அவசரம்.

மேஜைமேல் பெரிய பிளான் பேப்பரை விரித்தார். சுற்றி நின்று பார்த்தோம், எல்லோரும் தலையை ஆட்டினோம். சத்தியமாக ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கேட்டால் படிக்காதவர்கள் என்று நினைத்துவிடுவாரே என்ற வெட்கம். நானும்தான் ஆட்டினேன். ஆனால் பேனா என் கைக்கு வந்ததும் ஏனோ மனசு கேட்கவில்லை.

"இதுல வீடு எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியல சார். உள்ள நடந்து பாத்தாதான் புரியும்" என்றேன்.

கட்டாத வீட்டில் எப்படியம்மா நடப்பீர்கள் என்று சிரித்தார். கிண்டல் சிரிப்பு இல்லை. அதனால் எனக்குத் தைரியம் வந்தது. திருவிழா என்றால் தெரு ஓரம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது எங்கள் வேலை. பெரிய அதிகாரிகள் வருகிற நாளில் மேஸ்திரி என்னைத்தான் கூப்பிடுவார். நூல் பிடித்த மாதிரி வரும் என் கோடு. தீபத்துக்கு வந்த சுண்ணாம்பு மூட்டை ஒன்று மிச்சம் இருந்தது. அளவை நீங்கள் சொல்லுங்கள், கோட்டை நான் போடுகிறேன் என்றேன்.

பின்னாலிருந்த காலி மனையில் அவர் டேப்பைப் பிடிக்க, ஒரு மணி நேரத்தில் தரையில் ஒரு வீடு எழும்பிவிட்டது. பக்கத்திலேயே மாடிப்படியும் போட்டேன். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வாசல் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். யாரோ சுவரைத் தாண்டி வந்ததற்கு அவளே சண்டையும் போட்டாள். சமையல்கட்டில் உட்கார்ந்து பார்த்தால், கால் நீட்ட இடமில்லை. தண்ணி டிரம் வைக்க மூலையே இல்லை. இன்ஜினீயர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். குறுகலான படி. பாதியில் ஒரு திருப்பம். மேல்வீட்டில் ஒருத்தர் செத்துப்போனால் எப்படி இறக்குவது என்று கேட்டார். கையில் தூக்கி வந்துவிடலாமே என்றார் இன்ஜினீயர்.

"அது இன்னா சார், மூட்டையா? ஆயுசு பூரா ஊர்க் குப்பைய வாரினவன், கடைசியா ஒரு நாளு நேரா படுத்துனு போவக் கூடாதா?"

அதிகம் பேசாத மனுஷன் அவர்.

சரி, பார்த்துவிடலாம் என்று தெருவிளக்குக் கம்பத்தில் ஏறுகிற மூங்கில் ஏணியைக் கொண்டுவந்தார்கள். பாடை நீளம் இருந்தது. ஆனால் அதில் படுக்க ஒருவரும் முன்வரவில்லை. யார் வருவார்கள்? நானே போய்ப் படுத்துக்கொண்டேன். என் மாமியார் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். பூவும் பொட்டுமாக இருக்கிறவள் செய்கிற வேலையா என்று திட்டினார். நாலு பேர் என்னைத் தோளுக்குத் தூக்கி, சுண்ணாம்புப் படிக்கட்டின் கோடுகளுக்குள் நடந்தார்கள். மேலே வானம், ஓரத்தில் மலை. பயத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. திருப்பத்துக்கு வந்ததும் ஏணி சாய்ந்தது, நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் தூக்கினவர்கள் இரண்டு பேரும் சுவர்க் கோட்டை மிதித்துக்கொண்டு வெளியே நின்றார்கள்.

இன்ஜினீயர் அவர்களுடைய காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பையே பார்த்தார். பிளானை மாற்றினால் மேலே போய் ஒப்புதல் வாங்க வேண்டும், கிடைக்குமா என்று தெரியாது என்றார். கிடைத்த பிறகு போடுகிறேன் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் போடவில்லை.

அதற்குப் பிறகுதான் என் கெட்ட காலம். இரண்டு மாதம் ஒரு சேதியும் இல்லை. மார்கழியில் பிடித்த மழையில் பக்கத்து வீட்டு அக்காவின் பின்சுவர் விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. "உன் வாயால வந்த வீடும் போச்சுடி. நல்ல காரியத்துல சாவு பேச்சு பேசின இல்ல" என்று நடுத்தெருவில் கத்தினாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். குழாயடியில் நான் போனால் எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவசரப்பட்டுவிட்டோமோ, முப்பத்திரண்டு குடும்பத்தின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று சோறு இறங்கவில்லை. இவர் மட்டும்தான், இரு பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பொங்கல் கழிந்து இன்ஜினீயர் வந்தார். இந்த முறை மேஜை கேட்கவில்லை. சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டார். ஒப்புதல் வாங்கி வந்த புதுப் பிளானில் படிக்கட்டு கட்டடத்துக்கு வெளியே வந்திருந்தது. திருப்பமே இல்லாமல், மேலிருந்து தெருவரை ஒரே இறக்கம். இரண்டு பேர் தோளோடு தோள் இறங்கலாம். அதற்காகப் பால்கனியை எடுத்துவிட்டேன், பரவாயில்லையா என்றார். பால்கனி என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, வேண்டாம் என்றோம். அன்றைக்கு முதல் கையெழுத்து என்னுடையது.

கொட்டகையில் ஒன்றரை வருஷம் வெந்தோம். சொன்னபடி முப்பத்திரண்டு குடும்பமும் திரும்பி வந்தது. அக்காவுக்கும் எங்களுக்கும் மேல்வீடு. அப்போதும் அவள் என்னிடம் பேசவில்லை.

அடுத்து வந்த சித்திரையில் அவள் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஒரு நடுப்பகலில் அக்கா என் கதவைத் தட்டினாள். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது, எழுந்து நிற்கவே முடியவில்லை. கட்டிலோடு தூக்கினோம். தலைமாட்டில் நானும் இவரும், கால்மாட்டில் இரண்டு பேர். எங்கேயும் இடிக்காமல், சாயாமல், நேராகத் தெருவுக்கு இறங்கி வேனில் ஏற்றினோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா பேத்தியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "சாவுக்குன்னு கேட்டு வாங்கினியேடி, பாரு யாரு வந்துருக்கிறான்னு" என்றாள். நான் அழுதேன். பெருமையில்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இன்றைக்கும் யாராவது ஒரு பேப்பரை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்து என்றால், எனக்குப் புரியவில்லை என்று தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன்.