நூற்றுக்கு நூறு தேர்ச்சி

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பும்.

கடலூரில் நான் ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண்கள் பள்ளியில், பத்தாம் வகுப்பில் யாருமே ஃபெயிலானதில்லை. அதில் அவர்களுக்கு அப்படியொரு பெருமை. கணக்கு வராதவர்களை ஒன்பதாவதோடு கழித்துக் கட்டிவிடுவார்கள்.

என் பக்கத்துப் பாய் செல்விக்குக் கணக்கு வராது. முழுப்பரீட்சை லீவுக்கு அவளை அழைத்துப்போக வந்த அப்பா, பண்ருட்டியிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்திருந்தார்.

"பாஸ் போட்டுட்டோம். டிசிய வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்றார் ஹெச்.எம். அந்த மனிதரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு வருசந்தாங்கம்மா. எப்படியாச்சும் படிச்சிடுவா."

கெஞ்சிப் பார்த்துவிட்டு, அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பழத்தை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. மத்தியானம் அதை அறுத்து எங்களுக்கே பரிமாறினார்கள்.

போன் அடித்தது. கூடப் படித்த மேரி.

"ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு வர்றியாடி? பழைய பொண்ணுங்க எல்லாரையும் கூப்புடுறாங்க."

"செல்வியக் கூப்புட்டாங்களா?"

"அவ நம்ம ஸ்கூல்ல முடிக்கலையேடி."

"முடிக்க உட்டாங்களாடி?" என்று நான் கத்தியதில், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.