கோயில் வாசலில் நின்றுவிடும் தெய்ஜி

தெய்ஜிக்கு வலது காலில் இரண்டு விரல்கள்தான். வாலிப வயதில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது ஒரு கட்டி நழுவி விழுந்து மற்ற மூன்றும் போய்விட்டன. அதற்காக அவன் ஐஸ் தொழிலை விட்டுவிடவில்லை. கியோத்தோவில் எங்கள் தெருமுனையில் சொந்தமாகக் கடை போட்டு, மதுக்கடைகளுக்கு ஐஸ் அறுத்துக் கொடுக்கிறான். எதிரில் என் காபிக் கடை. ஷூவுக்குள் கம்பளித் துண்டைத் திணித்துக்கொண்டு நடப்பான். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அவன் மனைவி சுமியோ கடலோர ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கோயில் பைத்தியம். மாதத்தின் முதல் ஞாயிறு இருவரும் கடையை மூடிவிட்டுக் கிளம்புவார்கள். நான் தனிக்கட்டை, நானும் ஒட்டிக்கொள்வேன். சிவப்புத் தூண் வாசல் வைத்த கோயில் என்றால் தெய்ஜியும் சன்னிதிக்கு முன்னால் ஷூவோடு வெளியிலேயே நின்று கைதட்டிக் கும்பிட்டுவிடுவான். புத்தர் கோயிலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் கூடத்துக்குள் போகமுடியும். அங்கே வாசலிலேயே நின்றுவிடுவான்.

"நீங்க போய்ட்டு வாங்க. என்னைப் பாக்காம புத்தர் ஒண்ணும் ஏங்கிப் போயிட மாட்டார்" என்பான்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை உள்ளே போயிருக்கிறான். வழவழவென்றிருந்த மரத்தரையில், கம்பளித் துண்டு இல்லாத கால் வழுக்கி விழுந்தான். காலுறையின் நுனி காலியாகத் தொங்கியது. சுற்றுலா வந்திருந்த பள்ளிக்கூடப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இது சுமியோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் சுமியோ உள்ளே பார்த்ததையெல்லாம் அவனுக்குச் சொல்வாள். கோயிலுக்கு எதிரே ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து, பாகு தடவிச் சுட்ட அரிசி உருண்டையைத் தின்றுகொண்டே, கதவுகளில் தீட்டிய புலிகளையும் கூரையில் சுருண்டு கிடக்கும் டிராகனையும் விவரிப்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். மறுநாள் ஐஸ் கொண்டுபோகும் இடமெல்லாம் தானே பார்த்த மாதிரி அளப்பான். "அந்த டிராகன் இருக்கே, நாம எந்தப் பக்கம் போனாலும் நம்மளையே முறைக்கும்" என்று ஒரு மதுக்கடைக்காரரிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இப்படியே பல வருடங்கள் ஓடின. பிறகு சுமியோவின் கண்களில் புரை விழுந்தது. வெயிலில் எப்படியோ சமாளித்துவிடுவாள். கோயில் கூடத்து இருட்டில் ஒன்றும் தெரியாது. நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு போவேன்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவாரு. கண்ணுல கத்தி வைக்கிறத நெனச்சாலே எனக்குக் குமட்டுது" என்றாள்.

நவம்பரில் கிழக்கு மலையடிவாரத்துக் கோயில் ஒன்றுக்குப் போனோம். மேப்பிள் இலைகள் சிவந்து, கூட்டமான கூட்டம். வெளியே வந்து உருண்டைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் சுமியோ ஆரம்பித்தாள்.

"நாலு கதவுலயும் கடல் அலைங்க. நுரையெல்லாம் வெள்ளி."

தெய்ஜி மெல்லுவதை நிறுத்தினான். "அது போன வசந்தத்துல வேற கோயில்ல பாத்தது."

"இங்கேயும் அலைதான்."

"மிசாவோக்கா, உள்ள என்ன இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டான்.

எனக்குப் பொய் வராது. "கொக்கு" என்றேன்.

அவன் அவளையே பார்த்தான். "உனக்குக் கண்ணு தெரியலையா?"

"வெளியில தெரியுது. உள்ளதான் கொஞ்சம்..."

"எப்பயிலேர்ந்து?"

"கோடையிலேர்ந்து."

அவன் திட்டவில்லை. தட்டில் இருந்த கடைசி உருண்டையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தின்று முடித்ததும், "வா, இன்னொரு தடவை பாக்கலாம்" என்று எழுந்தான்.

படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தான். அதற்கே நெடுநேரம் ஆனது. கம்பளித் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு கை சுவரில், ஒரு கை சுமியோவின் தோளில். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மேலே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீட்டு கொடுக்கும் இளம் பிக்கு மட்டும், "மெதுவாப் போங்கய்யா. நேத்துதான் மெழுகு போட்டோம். காலையில நானே விழுந்தேன்" என்றார்.

"அப்ப எனக்குத் துணைக்கு ஆள் இருக்கு" என்றான் தெய்ஜி.

கொக்குகள் தீட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம்.

"என்னங்க, சொல்லுங்க."

"கொக்கு."

"அதத்தான் அக்காவே சொல்லிட்டாங்களே. எப்பிடி இருக்கு?"

"நிக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கொக்கு கொக்கு மாதிரிதான் இருக்கு."

"நான் உங்களுக்கு எவ்வளவு சொல்லியிருப்பேன்."

அவன் கழுத்தை நீட்டி இன்னும் கிட்டப் பார்த்தான். "எல்லாம் தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்குது. ஓரத்துல ஒரு கிழம் மட்டும் நம்ம பக்கம் திரும்பியிருக்கு. கழுத்துல சாயம் உதிர்ந்துபோச்சு. யாரோ கூப்பிட்ட மாதிரி பாக்குது."

சுமியோ அவன் கையைப் பிடித்தபடி அந்தக் கிழக் கொக்கு இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள்.

அடுத்த மாதம், வசந்தத்தில் சுமியோ வர்ணித்த அந்த அலைகளைப் பார்க்க வேண்டுமென்று அவனே கிளம்பினான். கதவைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இவ்வளவுதானா? நீ சொன்னப்ப கடலே உள்ள வந்த மாதிரி இருந்துச்சே."

"கொஞ்சம் சேத்துச் சொன்னேன். வெளியில தனியா நின்னுட்டிருந்தீங்க, பாவமா இருந்துச்சு."

"நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டேனேடி."

பிப்ரவரியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். முதலில் ஒரு கண், பிறகு மற்றது. "நீ வழுக்குற தரையில என்னை நடக்க வச்சே, நான் உன்னை இதுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றுதான் சமாதானப்படுத்தினானாம். கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்தார்கள். சுமியோ அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவருக்கு இவ்வளவு நரைச்சுப்போச்சா? ஏங்கக்கா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றேன்.

தெய்ஜி காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டு, வரும் ஞாயிறு எந்தக் கோயில் என்று கேட்டான்.