கேட்காமல் ஊற்றிக் குடிக்கும் தேயிலைத் தண்ணீர்

காரைக்குடியில் நாங்கள் விறகு வாங்கிய கடையில் எடை போட்டவர், அறுபதுகளில் பர்மாவிலிருந்து அகதியாகத் திரும்பியவர். மெலிந்த ஆள். பர்மா வழக்கப்படி சட்டைக்கு மேலே கைலியை இறுக்கிக் கட்டியிருப்பார். தராசுக்குப் பக்கத்தில் பூப்போட்ட ஃபிளாஸ்க் ஒன்றும் கவிழ்த்து வைத்த பீங்கான் கோப்பைகளும் எப்போதும் இருக்கும்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். குடிங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன மனுஷன் இவர் என்று எரிச்சலாக வந்தது. கிளம்பும்போது பார்த்தால் அவர் முகம்தான் வாடியிருந்தது.

“எங்க தேயிலைத் தண்ணி பிடிக்காதாக்கும்?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

“கேக்கணுமா? ரங்கூன்ல எம் பொஞ்சாதி விடியமுன்ன தண்ணியக் கொதிக்கவச்சு, தேயிலையப் போட்டு, ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சிருவா. வாரவுக தானா ஊத்திக் குடிப்பாக. இங்குட்டு ஆள் வந்தப்புறந்தான் அடுப்பே பத்தவைக்கிறீக.”

“அவுக எங்க இப்ப?”

“அவ பர்மாக்காரி. கூட வர அந்த ஊரு சர்க்கார் அனுமதி குடுக்கலை. இனிக் குடுக்கவும் மாட்டாக.”

அதன்பிறகு நானே ஊற்றிக் குடித்தேன். கொஞ்ச நாளில் ஃபிளாஸ்க் கெட்டு, சூடு நிற்காமல் போனது. அப்போதும் விடியுமுன் கொதிக்கவைத்து அதில்தான் ஊற்றினார்.

“ஆறிப்போயிருதே, எதுக்கு ஊத்துறீக?”

“ஊத்தாட்டிப் பூட்டிக் கெடக்குற வீடு மாதிரி இருக்கு.”

அங்கே விறகு வாங்கிய அத்தனை வருஷத்தில் அவர் அதிலிருந்து ஒரு மடக்குக் குடித்து நான் பார்த்ததில்லை.