பைலியின் காதில் தொங்கிய குரும்பை

எங்கள் படகுத்துறையில் நாலு பேர் உட்கார்ந்து சீட்டில் இருபத்தெட்டு ஆடுவோம். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். தோற்ற இருவரும் தென்னங்குரும்பையைக் கீறிக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் குணுக்கு. திரும்ப ஜெயித்தால்தான் கழற்றலாம். பதினெட்டு வருஷமாக என் கூட்டாளி பைலி. படகுக்கு ஓட்டை அடைக்கிறவன்.

மீன மாசத்தில் ஒருநாள் எங்கள் இருவர் காதிலும் குணுக்கு. அப்போதுதான் பைலியின் மனைவி ஏலிக்குட்டி விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. சீட்டை எறிந்துவிட்டு ஓடினான். ஆஸ்பத்திரிக்கும் குணுக்கோடேதான் போனான். அன்றைக்கே அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பைலி துறைக்கு வரவில்லை. சர்ச்சுக்கும் போகவில்லை. மூன்று பேரை வைத்து ஆட முடியுமா? ஆட்டமும் நின்றது. கூப்பிடப் போனால் பாதிக் கதவைத் திறந்து, "தலைவலிடா" என்பான். நானும் போவதைக் குறைத்துக்கொண்டேன். அது என் தப்பு.

போன வாரம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் விரலைப் பிடித்தாள் பாருங்கள், விடவேயில்லை! துறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பைலியிடம் சொல்லாமல் சொன்ன மாதிரியே இல்லை. லட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்து கிடந்தது. தரையில் நாலு கை சீட்டைப் போட்டு, நாலு பக்கமும் நகர்ந்து நகர்ந்து அவனே ஆடிக்கொண்டிருந்தான்.

"யாருடா ஜெயிக்கிறது?"

"யாரு ஜெயிச்சாலும் தோக்குறது நான்தான்."

"டேய், நான் தாத்தா ஆயிட்டேன்டா. பேத்தி!"

"மூக்கு உன்னுதா? பாவம் புள்ள."

லட்டைக் கடித்தான். சுவரில் ஏலிக்குட்டி படத்துக்குக் கீழே, ஆணியில் காய்ந்து கறுத்த குரும்பை தொங்கியது.

"ஆஸ்பத்திரில அதப் பாத்துச் சிரிச்சாடா. 'இன்னிக்கும் தோத்துட்டியா மனுஷா'ன்னா. அப்புறம் பேசல. அவ விழுந்தப்ப நான் சீட்டுல கெடந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வருவேன்?"

சட்டைப் பையிலிருந்து என் குரும்பையை எடுத்துக் காட்டினேன். "என்னுதும் இன்னும் எறங்கலடா. நீ இல்லாம எப்படி ஜெயிப்பேன்?"

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தான், காய்ந்த குணுக்கைக் காதில் மாட்டிக்கொண்டு. துறையில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சிரிங்கடா. அதுக்குத்தானே மாட்டுறது" என்றான்.

அன்றும் தோற்றோம். அவன் காதில் பழசும் புதுசுமாக இரண்டு குணுக்கு. கூடவே நடந்து அவனை வீட்டில் விட்டேன். வாசலில் நின்று உள்ளே பார்த்து, "இன்னிக்கும் தோத்துட்டேன்" என்றான். உள்ளே யாருமில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு எத்தன மணிக்குடா?" என்றான்.