ஓசையக்கா

பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அவருடைய விரல்கள் சும்மா இருப்பதில்லை. பின்னால் யாரோ கைப்பேசியில் மைத்துனரிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். இவருடைய விரல்கள் அந்தச் சண்டையைக் கம்பியின்மேல் தட்டிக்கொண்டிருக்கும். 'வைடா போனை' என்று அந்த மனிதர் கத்தி முடிக்கும்போது இவருடைய சுண்டுவிரல் ஒருமுறை அழுந்தும். வாக்கியம் முடிந்ததாம். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. ஓடுகிற கட்டடங்களை அரைத்தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர் மாதிரி நிற்பார்.

"பழக்க தோஷம் சார்" என்பார். "காதுல விழுந்தது கையில இறங்கிடும். ராத்திரி எங்க வீட்டுக்காரர் தூக்கத்துல உளறினாக்கூட அவர் முதுகுலயே தட்டுறேனாம். எந்திரிச்சு உக்காந்து, 'நான் என்ன உளறினேன், நீயே சொல்லு'ங்குறாரு."

எங்கள் கல்லூரியில் காது கேளாத மாணவி ஒருத்திக்காக, வகுப்பில் பேசப்படுவதை அப்போதைக்கப்போதே தட்டச்சு செய்வது அவருடைய வேலை. நான் புவியியல் நடத்துகிறவன். நான் பேசுவேன், அவர் தட்டுவார். மாணவியின் மேசையில் சாய்த்து வைத்திருக்கும் டேப்லெட்டில் என் பேச்சு பெரிய எழுத்துகளில் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஓசையக்கா. அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இதற்கு முன்னால் அவர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு தட்டச்சுக் கடையில் இருந்தார். யாரோ விற்ற வீடு, யாரோ முறித்த கல்யாணம், யாரோ கேட்ட மன்னிப்பு எல்லாம் அவருடைய பத்து விரல்கள் வழியாகப் போயிருக்கின்றன. எதுவும் தங்கவில்லை என்கிறார். நல்ல உயரம், சற்றே கூன், மூக்கின் நுனியில் கண்ணாடி. வந்ததும் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைப்பார். சத்தம் வரக்கூடாதாம். "அந்தப் பொண்ணுக்குத்தான் கேக்காதே" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "எனக்குக் கேக்குமே சார்" என்றார்.

மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுவயதில் ஒரு காய்ச்சலோடு அவளுடைய கேட்கும் திறன் போய்விட்டது, பேச்சு தங்கிவிட்டது. ஆனால் தன் குரலைத் தானே கேட்க முடியாததால் காலப்போக்கில் சில எழுத்துகள் இடம் மாறிவிட்டன. 'ச' வரவேண்டிய இடத்தில் 'த' வரும். வாய் மட்டும் ரொம்பத் துடுக்கு. முதல் வாரமே என்னிடம் வந்து, "உங்க மீசை பாதிப் பாடத்தை மறைக்குது, கொஞ்சம் வெட்டிக்கிறீங்களா?" என்று கேட்டாள். உதட்டசைவையும் பார்க்கிறவள் அல்லவா? வெட்டிக்கொண்டேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசக்கூடாது, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக்கூடாது என்றும் சொன்னாள். என் மனைவிகூட என்னை இவ்வளவு சீக்கிரம் திருத்தியதில்லை.

முதல் நாள் பாடத்தின் தட்டச்சுப் பிரதியை எனக்கும் அனுப்பினார்கள். படித்துவிட்டு வெட்கமாகப் போய்விட்டது. நான் சொன்ன ஒவ்வொரு 'அதாவது'வும் அதில் இருந்தது. என் இருமலும் இருந்தது.

"இந்த 'அதாவது'வை எல்லாம் விட்டுடலாமேம்மா" என்றேன்.

"நீங்க சொன்னது சார் அது. இன்னிக்கு இதை விட்டேன்னா, நாளைக்கு எதையெல்லாம் விடலாம்னு நானே முடிவு பண்ண ஆரம்பிச்சிடுவேன். அது வேணாம்."

ஆனால் ஓசைகளை அவர் முதலில் தட்டவில்லை, பேச்சை மட்டும்தான் தட்டினார். ஒரு நாள் வகுப்பு மொத்தமும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பியது. மாணவியும் திரும்பினாள். வெளியே ஒன்றும் இல்லை. டேப்லெட் திரையைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. "எல்லாரும் எதைப் பாத்தாங்க?" என்று கேட்டாள். எங்கோ இரும்புத் தகடுகளை லாரியிலிருந்து கொட்டிய சத்தம். அதைச் சொன்னதும் அவள் ஓசையக்கா பக்கம் திரும்பினாள். "அதையும் போடுங்கக்கா" என்றாள்.

அன்றிலிருந்து திரையில் ஓசைகளோடு பிறை அடைப்புகள் வந்தன, அவருக்கு ஓசையக்கா என்ற பெயரும் வந்தது. (மின்விசிறி முனகுகிறது.) (தாழ்வாரத்தில் யாரோ ஓடுகிறார்கள். செருப்பு ஒன்று தனியாகச் சறுக்குகிறது.) (தூரத்தில் ஒருவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் இல்லை.) ஒரு மதியம் (மழை) என்று போட்டார். மாணவி அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"மழைன்னு மட்டும் போடாதீங்கக்கா. அது ஜன்னல்லயே தெரியுது. எதுமேல விழுதுன்னு போடுங்க."

அவர் விரல்களை எடுத்துவிட்டுக் காதைச் சாய்த்தார். பிறகு மெதுவாகத் தட்டினார். (சைக்கிள் கொட்டகைத் தகரத்தில் மழை. வாதாம் இலையில் மழை. அது கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறது. நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் இருக்கையில் மழை.) நான் கடல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதையும் அவர் போட்டார்.

என் வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பின் வருவது. அந்த நேரத்தில் அறை பாதி தண்ணீருக்குள் கிடப்பது போல் இருக்கும். பச்சைக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் மேசைகளின்மேல் அசையும். பின்வரிசைகள் மெல்லக் கண்ணயரும். நான் ஆழ்கடல் நீரோட்டங்களை நடத்துவேன். துருவத்தருகே குளிர்ந்து கனத்த நீர் அடியில் இறங்குகிறது, வெளிச்சமே இல்லாத தரையில் ஊர்ந்து ஊர்ந்து போகிறது, எத்தனையோ நூற்றாண்டு கழித்து வேறொரு பக்கம் மேலே வருகிறது. ஓசையக்கா பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். எழுத்துகள் நீர்க்குமிழிகளாக மேலேறும். மாணவியின் முகத்தில் அந்த வெளிச்சம் படும். அந்த அறையில் விழித்திருப்பவர்கள் நாங்கள் மூவர்தானோ என்று தோன்றும்.

அவரும் உண்மையில் விழித்திருந்தாரா என்று சொல்ல முடியாது. தட்டும்போது எதுவும் புரிவதில்லை என்கிறார். சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு வாக்கியம் தானாக மேலே வருமாம். அவருடைய கணவர் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர். எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம், "ஏங்க, கடலுக்கு அடியிலயும் ஆறு மாதிரி ஓடுதாமே?" என்பாராம். "ஓடட்டும், நீ அந்த ஸ்பேனரை எடு" என்பாராம் அவர்.

நடுவில் அலுவலகம் ஒரு மென்பொருளைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. பேசினால் அதுவே எழுதும். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். நான் 'வளிமண்டலம்' என்றேன், 'வலி மண்டலம்' என்று எழுதியது. "அதுவும் சரிதான், பரீட்சை வருதில்ல?" என்றாள் மாணவி. ஓசையக்காவுக்கு அதன்மேல் கோபம் எதுவும் இல்லை. "அது பாவம், புதுசு. எனக்குக் காய்ச்சல் வந்தா ஒத்தாசைக்கு ஆச்சு" என்று அதற்கும் மேசையில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அந்த மாதத்தில்தான் அது நடந்தது.

நான் கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். மாணவி கை தூக்கி ஒரு சந்தேகம் கேட்டாள்: சூடான நீர் ஏன் மேலேயே தங்குகிறது? அவள் குரலில் அது 'தார், தூடான தண்ணி' என்று வந்தது. கடைசி வரிசையில் ஒருவன் அதே குரலில், அதே இழுப்பில், "தார்... தூடான தண்ணீ" என்றான். அந்த வரிசை மொத்தமும் சிரித்தது. படம் வரையும் சுவாரசியத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

ஓசையக்காவுக்கு முழுவதும் கேட்டது. அவருடைய விரல்கள் நின்றன. பிறகு (சிரிப்பு) என்று மட்டும் போட்டார்.

மாணவி பின்னால் திரும்பிப் பார்த்தாள். எல்லா முகமும் ஒரே நேரத்தில் புத்தகத்துக்குள் போய்விட்டது. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"சரியா கேக்கலம்மா."

"உங்களுக்கா கேக்கல?"

நான் திரும்பி, சூடான நீரைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். ஓசையக்கா அதைத் தட்டத் தொடங்கினார். மாணவி டேப்லெட்டை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மணி அடித்த பிறகு அவள் சொன்னதை ஓசையக்காவே என்னிடம் பிறகு சொன்னார்: "நீங்க வராத அன்னிக்கு எனக்குக் கேக்காதுக்கா. அது வேற, அது எனக்குப் பழகிப்போச்சு. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தும் எனக்குக் கேக்கலேன்னா, அப்பத்தான் நான் செவிடு."

அடுத்து வந்த வகுப்புகளில் டேப்லெட் கவிழ்ந்தே கிடந்தது. அவள் என் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓசையக்கா ஒரு சொல்கூட விடாமல் அந்தக் கவிழ்ந்த முதுகுக்குத் தட்டிக்கொண்டிருந்தார். பிறை அடைப்புகளும் விட்டுப்போகவில்லை. (புறா ஒன்று ஜன்னல் விளிம்பில் நடக்கிறது, நகம் கல்லில் படுகிறது.) படிப்பதற்கு யாரும் இல்லை. பிரதி எனக்கு வரும், நான் படிப்பேன். படிக்கவே ஒரு மாதிரி இருக்கும்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர், "நல்லதுதானே பண்ணின? அந்தக் கண்றாவியை எதுக்கு அந்தப் புள்ளைக்குப் படிச்சுக் காட்டணும்? விடு" என்றிருக்கிறார்.

"நல்லதுதாங்க. ஆனா அது எனக்கு வந்தது இல்லையே. அவளுக்கு வந்தது. நான் எப்படி எடுத்து வெச்சுக்கலாம்?"

கணவர் எழுந்து போய் இருவருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாராம். கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுப்படிக்குள் போனதே இல்லை என்பதைச் சொல்லும்போது ஓசையக்காவுக்குச் சிரிப்பும் வந்தது. "சர்க்கரை டப்பான்னு உப்பு டப்பாவ எடுத்துட்டாரு சார். குடிச்சுட்டேன்."

மறுநாள் வகுப்புக்கு முன்னால் அவர் தாழ்வாரத்துக் குடிநீர்க் குழாயருகே நின்றுகொண்டிருந்தார். மாணவி பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்ததும், விசைப்பலகையை இடது முன்கைமேல் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டி, டேப்லெட்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். (கடைசி வரிசையில் ஒருவன், உங்கள் குரலில்: 'தார்... தூடான தண்ணீ.' வரிசை முழுவதும் சிரிப்பு.) அதற்குக் கீழே இன்னொரு வரி. (எனக்குக் கேட்டது.)

அவள் படித்தாள், இன்னொரு முறை படித்தாள். பாட்டில் நிறைந்து வழிந்தது, மூடவில்லை.

"நான் அப்படியா பேசறேன்?"

அவர் டேப்லெட்டைத் தாழ்த்தி, உதடு தெரிய நேரே நின்றார். மறைக்காமல் சொன்னார். "'ச' வர்ற இடத்துல அப்படித்தாம்மா. நாக்கு பல்லுல போய் முட்டுது. மத்ததெல்லாம் தெளிவா இருக்கு."

"இவ்வளவு நாள்ல யாருமே சொல்லல" என்றாள் அவள். அவளுடைய அம்மாவும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. அவள் குழாயை மூடினாள். வாய்க்குள்ளேயே நாக்கை வைத்து ஏதோ பார்த்துக்கொண்டாள். பிறகு இருவரும் வகுப்புக்கு வந்தார்கள். டேப்லெட் நிமிர்ந்தது.

அன்றைக்கே அவள் கை தூக்கினாள். நான் இப்போது கரும்பலகைப் பக்கமே போகவில்லை. "சார், சந்தேகம்" என்று ஆரம்பித்தாள். 'ச' இன்னும் 'த'வாகத்தான் வந்தது. கடைசி வரிசைக்காரனுக்கு நாக்கு சும்மா இருக்குமா? "தார்... தந்தேகம்" என்றான், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. அவன் முடிப்பதற்குள் எழுத்துகள் திரைக்கு வந்துவிட்டன. இழுத்த இழுப்புகூட விடுபடவில்லை.

மாணவி நிதானமாகத் திரும்பினாள். யாரும் முகத்தை மறைக்க நேரம் இல்லை.

"எனக்குக் காது கேக்காது, அதனால 'ச' வரல. உனக்கு நல்லாத்தானே கேக்குது, உனக்கு ஏன் வரல?"

இந்த முறை அறை முழுவதும் சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் எழுந்து சிரித்தார்கள். அந்தப் பையனுக்கே கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது, காது மட்டும் சிவந்து கிடந்தது. நான் திரையை எட்டிப் பார்த்தேன். (சிரிப்பு. இப்போது உங்கள் பக்கம்.) ஓசையக்கா தன் கருத்தாக எதையாவது தட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கேட்டால், "அது கருத்து இல்ல சார், திசை" என்கிறார்.

பிறகு பருவத்தின் கடைசி வகுப்பு வந்தது. பாடம் முடிந்து, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். பச்சை வெளிச்சம் மேசைகளின்மேல் அசைந்துகொண்டிருந்தது. அப்போது முதல் வரிசையில் ஒரு கை, தோள் உயரத்துக்கு மேல் ஏறத் தயங்கி நின்றது. அது ஓசையக்காவின் கை.

"நான் கேக்கலாமா சார்?"

"தாராளமா கேளுங்கம்மா."

"கீழ இறங்கிப் போன தண்ணிதான் அங்க மேல வந்துச்சுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறாங்க? எல்லாம் பாக்க ஒரே தண்ணியாதானே இருக்கு?"

அத்தனை நாளில் ஒரு மாணவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. கேட்டுவிட்டு அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் எழுத்துகள் நின்றுபோயிருந்தன. மாணவி அதைக் கவனித்தாள். அவரிடம், "இன்னொரு தடவை கேளுங்க, என்னைப் பாத்து" என்றாள். விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அவருடைய உதடுகளைப் பார்த்தபடி, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினாள்.